சேமநிதியில் யார் பெயர் இருக்கிறது?

தோட்டத்துக் குடும்பத்தாரே! பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் உழைப்பவருக்கு நிலம் ஏது, கடை ஏது? குடியிருக்கும் லயத்து வீடும் வேலையோடு போய்விடும். அவர் கண்மூடிய பிறகு பெண்டு பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஊழியர் சேமநிதிப் பணம் ஒன்றுதான். அதனாலேயே அதன் மேல் சண்டையும் வருகிறது.

கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த வாலிபர், சேமநிதிப் பாரத்தில் அண்ணன் பெயரைக் குறிக்கிறார் என்று வையுங்கள். பிறகு மனைவி, மக்கள் என்று குடும்பம் பெருகுகிறது. பாரத்தை மாற்ற மறந்து, திடீரென்று இறந்துவிடுகிறார். முஸ்லிம் அல்லாதவரானால், பாரத்தில் உள்ளவருக்கே பணம் சொந்தம். மனைவி அழுதாலும், வேறுவிதமாக உயில் இருந்தாலும் பாரம் மாறாது. முஸ்லிம் குடும்பங்களில் மட்டும், பெயர் குறிக்கப்பட்டவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளரே தவிர, உரிமையாளர் அல்லர்.

யார் பெயரும் இல்லாவிட்டால்? உயிலும் இல்லாதபோது, தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் உண்டு. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால், 30,000 வெள்ளியில் மனைவிக்கு 10,000, பிள்ளைகளுக்கு 20,000. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடிருந்தால் அவர்களுக்கு 7,500, மனைவிக்கு 7,500, பிள்ளைகளுக்கு 15,000. ஆனால் இந்தப் பங்கைக் கையில் வாங்க, பத்திரங்களோடு அலைய வேண்டிவரும்.

அப்போது "நீ மனைவி என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்ற கேள்வியும் எழும். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாத மனைவியின் பாடு திண்டாட்டந்தான்.

தாய்மார்களே, இன்னொன்று. துக்க வீட்டில் "நான் பார்த்துக்கொள்கிறேன், இதில் கைநாட்டு வையுங்கள்" என்று யார் நீட்டினாலும், நம்பிக்கையான ஒருவர் முழுதும் படித்துச் சொல்லும்வரை விரலை மையில் வைக்காதீர்கள். வெற்றுத் தாளில் கைநாட்டே கூடாது. பேங்க் கார்டையும் இரகசிய எண்ணையும் உறவினரிடம்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த மாதமே ஒருநாள் ஒதுக்கி, அடையாளக் கார்டோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போங்கள். யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவருக்கு மேற்பட்டவர் பெயரைக் குறித்து, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்றும் எழுதலாம். வீட்டுக்காரர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே இதைப் பேசுவது அபசகுனம் அல்ல. பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை.