ஊர் சிரித்தது... நோட்டுப் புத்தகம் ஜெயித்தது!

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டில் என் கிளினிக்கைச் சாத்திவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்த நேரம். மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மூன்று பேர் வந்தார்கள். கணவன், மனைவி, மாமியார். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை.

மாமியார்தான் பேசினார். "இவளுக்குத்தான் சார் ஏதோ கோளாறு. எம் புள்ளைக்கு இன்னா கொற? கடலுக்குப் போனா ஒத்த ஆளா வலை இழுக்கறவன்!"

மருமகள் நிமிரவே இல்லை. மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குழந்தை பாக்கியம் நிச்சயமாம். மூன்று லட்சம் ரூபாயாம்! "போட்டை வித்துடலாம்னு இருக்கோம் சார். நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர்களை உட்கார வைத்து ஒரு கதை சொன்னேன். கதையல்ல, நிஜம். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பத்து வாரத்தில் இரண்டாவது குழந்தை

உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை 1978, ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்தது. அதைச் சாதித்தவர்களில் ராபர்ட் எட்வர்ட்ஸ் டாக்டர் அல்ல, உயிரியல் விஞ்ஞானி. இந்தச் சாதனைக்காக அவருக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குழந்தை பிறந்து சரியாகப் பத்து வாரம். அக்டோபர் 3-ல், துர்கா பூஜை சமயம், கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்றே பெயர் வைத்தார்கள். தாய்க்குச் சினைக்குழாய் அடைப்பு. அந்தக் கருவை உடலுக்கு வெளியே உருவாக்கியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். 1931-ல் ஹஜாரிபாக்கில் பிறந்தவர். கல்கத்தாவிலும் எடின்பரோவிலும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். அவருக்குத் துணை நின்றவர்கள் இரண்டே பேர். சுனித் முகர்ஜி என்ற விஞ்ஞானியும், சரோஜ் காந்தி பட்டாச்சார்யா என்ற மகப்பேறு மருத்துவரும்.

இங்கிலாந்தில் அந்தத் தாய்க்கு மாதாமாதம் இயற்கையாக விளையும் ஒற்றை முட்டையைத்தான் எடுத்தார்கள். சுபாஷோ ஹார்மோன் ஊசி கொடுத்து ஒரே நேரத்தில் பல முட்டைகளை விளைய வைத்தார். அவற்றை எடுத்து, விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கினார். அதை உறைய வைத்து 53 நாள் காத்திருந்தார். கர்ப்பப்பை தயாரான பிறகே உள்ளே வைத்தார்! இன்று கருத்தரிப்பு மையங்களில் தினமும் நடப்பது இதுதான். உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்று உலகம் கொண்டாடியது, 1984-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தையை. துர்காவுக்கு அப்போது ஐந்து வயது.

அவருக்குக் கிடைத்த பரிசு?

ஏளனம். மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. இந்தத் துறையில் நேரடி அனுபவம் இல்லாதவர்கள் கேள்வி கேட்டார்கள். நம்ப முடியாது என்று முடித்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. போக அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூனில், கருவைப் பற்றியே வாழ்நாள் முழுக்க யோசித்தவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். அதே மாதம் 19-ந் தேதி அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 50.

ஐந்து வருஷம் கழித்து, 1986 ஆகஸ்ட் 6-ல், மும்பையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று நாடே கொண்டாடியது. அதன் பின்னால் இருந்தவர்கள் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், இனப்பெருக்க உயிரியல் விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரும்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். 1997-ல் சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகள் ஆனந்தகுமார் கைக்கு வந்தன. அவர் உட்கார்ந்து படித்தார். என்ன மருந்து, எந்த நாள், எத்தனை டிகிரி குளிர்... எல்லாம் இருந்தது. 'கரண்ட் சயன்ஸ்' இதழில் ஆனந்தகுமார் எழுதினார். முதல் குழந்தை என்னுடையது அல்ல, சுபாஷுடையது என்று! தன் தலையில் இருந்த கிரீடத்தைத் தானே கழற்றி, இறந்துபோன ஒருவர் தலையில் வைத்தார். எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு? 2003-ல் துர்காவும், 25 வயதுப் பெண்ணாக, தானே முன்வந்து உலகுக்குத் தன்னை அறிவித்தார்.

கருவிலிருந்து ஸ்டெம் செல் வரை

"அதுக்கும் இந்த ஊசிக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்றார் அந்த மீனவர். நல்ல கேள்வி!

கருவான ஐந்தாறு நாளில் அது ஒரு நுண்ணிய நீர்க்குமிழி போல இருக்கும். குமிழிக்குள் ஒரு ஓரமாகச் சில செல்கள் ஒட்டியிருக்கும். அவை எதுவாகவும் மாறத் தெரிந்தவை. தோல், ரத்தம், இதயம், நரம்பு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. விதைநெல் மாதிரி. அவைதான் ஸ்டெம் செல். சுபாஷ் இறந்த அதே 1981-ல் எலியின் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்தார்கள். 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன், தம்பதிகள் தானமாகக் கொடுத்த சோதனைக் குழாய் கருக்களிலிருந்து மனித ஸ்டெம் செல்லைப் பிரித்தார். 2006-ல் ஜப்பானின் ஷின்யா யாமானாகா, எலியின் வளர்ந்த செல்லையே ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டினார். அடுத்த வருஷமே மனித செல்லிலும் செய்தார். 2012-ல் அவருக்கும் நோபல் பரிசு. கருவை ஆராயக் கிளம்பியவர்கள்தான் இந்த வழியையும் போட்டுத் தந்தார்கள்.

ஆனால், சோதனைச் சாலையில் நடப்பது வேறு, ஊசியில் வருவது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளன. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது!

அன்று உண்மையைச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்தோம். இன்று நோட்டீஸ் கொடுப்பவரை நம்பிப் போட்டை விற்கிறோம். இருவரையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? கேளுங்கள்: 'இதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை?' சுபாஷின் நோட்டில் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் இருந்தது. வைத்தியம் ரகசியம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். சித்த வைத்தியர்களான எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் தவறு

பாளையங்கோட்டையில் படித்து முடித்து, தொழில் ஆரம்பித்த புதிது. சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவியின் நாடியைப் பார்த்தேன். இரண்டு வருஷம் அந்தப் பெண்ணுக்கு லேகியமும் சூரணமுமாகக் கொடுத்தேன். கணவருக்கு ஒரு பரிசோதனை எழுதித் தரவில்லை. கடைசியில் செய்தபோது அவருக்கு விந்தணுவே இல்லை. சுக்கிலமும் சுரோணிதமும் சேர்ந்தால்தான் கரு என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. படித்தவன் நான். பாதியை மட்டும் பார்த்தேன். அந்தப் பெண் இரண்டு வருஷம் கேட்ட ஏச்சுக்கு எந்த மருந்தும் கிடையாது.

அதனால் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

● ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும்.

● முதல் பரிசோதனை கணவருக்கு விந்துப் பரிசோதனை. சுலபம், செலவு குறைவு. ஒரு மில்லி லிட்டரில் சுமார் 1 கோடியே 60 லட்சம் அணுக்களுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. உடம்பு பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

● விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். எந்த மருந்தானாலும், புகை, மது விட்டாலும், மூன்று மாதம் கழித்தே பலனைப் பார்க்க வேண்டும்.

● எண்ணிக்கை பூஜ்யம் என்றாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். சிலருக்கு அடைப்புதான் காரணம். 1992-லிருந்து ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறையும் இருக்கிறது.

● 2021-ம் வருஷச் சட்டப்படி கருத்தரிப்பு மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

அந்த மூவரையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு வந்தார்கள். எண்ணிக்கை குறைவு மகனுக்குத்தான். மருமகளுக்குக் குழாய், கர்ப்பப்பை எல்லாம் சரியாக இருந்தது. சிகிச்சை ஆரம்பித்திருக்கிறது. பலிக்குமா என்று இப்போது நான் சொன்னால் அது பொய்.

மாமியார் ரொம்ப நேரம் பேசவில்லை. எழுந்து போகும்போது, மருமகள் தோளில் கிடந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

போட்டை விற்கவில்லை.