புஷ்கரத் தடாகம்

நீர்நிலையொன்று புண்ணியத் தலமாக விளங்குதல் நம் நாட்டிற் புதியதன்று. கும்பகோணத்து மகாமகக் குளத்தையும் திருவாரூர்க் கமலாலயத்தையும் அறியாத தமிழர் உளரோ? ஆயின் அவை காவிரி வளம் பெற்ற நாட்டில் உள்ளவை. மழை அரிதாகிய பாலையின் விளிம்பில், பேராறு எதுவும் வந்து பாயாத ஓரிடத்தில், பல நூற்றாண்டுகளாக மக்களைத் தன்பால் ஈர்த்துவரும் தடாகம் ஒன்றுண்டு. அதுவே இராஜஸ்தான் மாநிலத்துப் புஷ்கரம். ஆண்டுச் செல்வோர் காணத்தக்கவை இவை என்பதையும், அந்நீர் நிலைத்த வகையினையும், ஒருகால் அது வற்றிய காரணத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அஜ்மீர் நகருக்கும் புஷ்கரத்துக்கும் இடையே ஆரவல்லித் தொடரைச் சார்ந்த நாகமலை நிற்கின்றது. மலைவழியைக் கடந்து சில மைல் சென்றவுடன் வெண்ணிற மாடங்கள் சூழ்ந்த நீர்ப்பரப்புத் தோன்றும். அதன் பரப்பு ஏறத்தாழ 22 ஹெக்டேர். கரையைச் சுற்றி 52 படித்துறைகள் உள்ளன. இவற்றுட் பல இராஜபுத்திர அரசராலும் மராட்டியத் தலைவராலும் கட்டப்பெற்றவை. படித்துறையை அணுகுமுன்னரே பாதரட்சைகளைக் களைந்துவிடல் வேண்டும். ஊரினுள் ஊனும் மதுவும் விலக்கப்பட்டுள்ளன. வருவோர் எம்மதத்தினராயினும் இவ்வழக்கங்களைப் போற்றி நடத்தல் கடனாகும்.

பிரமதேவன் கையினின்று நழுவிய தாமரை வீழ்ந்த இடமே இத்தடாகமாயிற்று என்பது புராணக் கதை. அவர் ஈண்டு வேள்வி செய்யத் தொடங்கினார். தேவி சாவித்திரி வரத் தாழ்த்தமையின், குறித்த வேளை தவறாவண்ணம் காயத்திரியை மணந்து வேள்வியை முடித்தார். பின்னர் வந்த சாவித்திரி சினந்து, இவ்விடத்தன்றிப் பிறிதோரிடத்தும் அவருக்கு வழிபாடு இல்லையாகுக எனச் சபித்தனள் என்பர். பிரமனுக்குரிய கோயில்கள் நாட்டில் மிகச் சிலவே காணப்படுதற்கு மக்கள் கூறும் காரணம் இதுவே. செந்நிற விமானமும் வாயில்மேல் அன்ன உருவமும் கொண்ட பிரமன் கோயில் தடாகத்துக்கு அணித்தே உள்ளது. சாவித்திரியின் கோயிலோ தனியே ஒரு குன்றின் உச்சியில் அமைந்தது. படியேறிச் செல்வோர் தடாகம், ஊர், மணல்வெளி ஆகிய மூன்றையும் ஒருங்கே காணலாம்.

வராகர் கோயிலும் ஈண்டுப் பழமை வாய்ந்தது. தமிழருக்கு வியப்பளிப்பது அரங்கநாதர் கோயிலாகும். 1823-ஆம் ஆண்டில் ஐதராபாத்து வணிகர் ஒருவர் கட்டுவித்த அக்கோயிலில் நம் நாட்டு முறைக் கோபுரம் எழுந்து நிற்கின்றது. இராமாநுசர் வழிவந்த வைணவம் பாலைநிலம்வரை பரவிய செய்தியை அது வாய்பேசாது உணர்த்துகின்றது. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதியும் 1948-இல் இத்தடாகத்திற் கரைக்கப்பட்டது. அந்தத் துறை காந்தி துறை எனவும் வழங்கும்.

அக்டோபர் அல்லது நவம்பர் திங்களில் வரும் கார்த்திகப் பௌர்ணமியன்று நீராடுதல் பெரும் புண்ணியமெனக் கருதப்படுதலின், மக்கள் திரள் திரளாக வருவர். அதனையொட்டி ஒட்டகச் சந்தையும் கூடும்.

இனி, இந்நீரின் நிலையை நோக்குவாம். சூழ்ந்துள்ள குன்றுகளிற் பெய்யும் சிறிதளவு மழை ஓடைகள் வழியே பள்ளத்தில் வந்து தேங்குதலே இத்தடாகத்தின் உயிர். குன்றுகளில் மரங்கள் குறைந்தபோது மண் பிடிப்பிழந்தது. மழைநீரோடு வண்டலும், காற்றோடு பாலை மணலும் வந்து படியவே ஆழம் குறைந்தது. உழவுக்கும் விடுதிகளுக்கும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையும் கேடு விளைத்தது. வண்டலை அகற்றும் வேலை நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில் மழையும் பொய்த்தது. 2009-ஆம் ஆண்டில் தடாகம் வற்றியது. அவ்வாண்டுக் கார்த்திக நீராட்டுக்காகக் கரையோரத்துச் சிறு தொட்டிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நிரப்ப நேர்ந்தது. படிகள் இருந்தன, கோயில்கள் இருந்தன, மந்திரம் ஓதுவாரும் இருந்தனர், நீர் ஒன்றே இல்லை. பின்னர்ப் பெய்த மழையால் தடாகம் மீண்டும் நிறைந்ததாயினும், அவ்வாண்டின் படிப்பினை மறக்கற்பாலதன்று.

தலத்தின் பெருமை கற்கோயிலோடு முடிவதன்று. நெடுந்தொலைவிலுள்ள குன்றின் மரமும், ஓடையின் தடையற்ற வழியும் அதன் உறுப்புகளேயாம். படியில் நின்று நீரைத் தொழுபவர் அந்நீர் வரும் வழியையும் காத்தல் வேண்டும். அன்பர்காள்! விடுமுறையில் ஊர் திரும்பும்போது, நும் ஊர்க் குளத்துக்கு நீர் எவ்வழியே வருகின்றது என ஒருநாள் நடந்து சென்று பாருங்கள். அதுவும் ஒரு நல்ல யாத்திரையே.