தூத்துக்குடி இறாலுக்கும் டாமிஃப்ளூவுக்கும் என்ன சம்பந்தம்?

தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் பண்ணை இறாலுக்கு இனி ஒரு கூடுதல் உத்தரவாதம் தேவை. 'மனிதர்களுக்கென ஒதுக்கிய மருந்து எதையும் இதற்குக் கொடுக்கவில்லை' என்பதுதான் அது. 2026 செப்டம்பர் 3 முதல் இது கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் தேதி குறித்திருக்கிறது. கடலில் பிடிக்கும் இறாலுக்கு இந்தக் கேள்வி இல்லை.

ஒதுக்கிய மருந்துகளின் பட்டியல் 2022-லேயே வந்துவிட்டது. அதில் ஆன்டிபயாடிக் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் 18 ஆன்டிவைரல்களும் இருக்கின்றன. பெயர்களைப் படித்தால் கொரோனா காலத்து மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும்: ஃபேவிபிராவிர், மோல்னுபிராவிர். பன்றிக்காய்ச்சல் சமயத்தில் கடை கடையாகத் தேடினோமே டாமிஃப்ளூ, அதாவது ஒசெல்டாமிவிர், அதுவும் உண்டு. 2025-ல் இந்திய அரசும் கால்நடைகளுக்கு ஆன்டிவைரல்கள் உட்படப் பல மருந்துகளைத் தடை செய்தது.

கோழிக்கோ மாட்டுக்கோ கொடுத்தால் நமக்கென்ன?

சீனாவில் நடந்ததைப் பாருங்க. அமான்டடின் மனிதர்களின் ஃப்ளூவுக்கான மலிவான மாத்திரை. அங்கே பறவைக் காய்ச்சலைத் தடுக்க அதைக் கோழிகளுக்குக் கொடுத்து வந்தது 2005-ல் வெளியே தெரிந்தது. பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும்போது, ஒவ்வொன்றும் சரியான அளவு குடித்ததா என்று யார் பார்ப்பது? அரைகுறை டோஸில் தப்பிக்கும் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். எச்5என்1 வைரஸில் பல வகைகளிடம் அமான்டடின் எடுபடாமல் போனது. மறு ஆண்டே கோழிகளுக்கு இவ்வகை மருந்துகளையும் டாமிஃப்ளூ வகையையும் அமெரிக்கா தடை செய்தது.

அதற்காக மனித மருந்தை விலங்குக்குத் தரவே கூடாது என்றில்லை. பூனைகளுக்கு எஃப்ஐபி என்றொரு கொரோனா நோய் வரும். வந்தால் பெரும்பாலும் சாவுதான். ரெம்டெசிவிர் உடலுக்குள் போனதும் ஜிஎஸ்-441524 என்ற பொருளாக மாறும். 2019-ல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வில் அந்தப் பொருளைக் கொடுத்த 31 பூனைகளில் 25 பிழைத்தன. ஐரோப்பியப் பட்டியலில் ரெம்டெசிவிர் இல்லை. டாக்டர் ஒவ்வொரு பூனையாக எடை பார்த்து ஊசி போடுவது வேறு, குளத்தில் மூட்டையாகக் கொட்டுவது வேறு.

சரி, இறால் வளர்ப்பவருக்கு இதில் நஷ்டமா? உண்மையில் இல்லை. 1990-களில் குளங்களைக் காலி செய்த வெண்புள்ளி நோய்க்கு இன்றுவரை மருந்தே கிடையாது. பிசிஆர் பரிசோதனை செய்த குஞ்சு, சுத்தமான தண்ணீர், நண்டு நுழையாத வேலி, இவ்வளவுதான் வழி. சிக்கல் ஆவணத்தில்தான். என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் எழுதாத 'டானிக்' பாக்கெட்டை வாங்கிக் குளத்தில் போட்டவரால் அந்த உத்தரவாதத்தில் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?