எம்மா கேர்க்பியும் பழைய இசையும்

1949 இல் இங்கிலாந்திற் பிறந்த எம்மா கேர்க்பி, ஒக்ஸ்போட்டிலே கிரேக்கமும் இலத்தீனும் பயின்று பள்ளி ஆசிரியையாய் இருந்தவர். பாட்டைத் தொழிலாகக் கொள்ள எண்ணியவரல்லர். பெருமண்டபத்திற் பல்லிய முழக்கத்தையும் மேவி ஒலிக்கும் இசைநாடகக் குரலே அந்நாளில் மேனாட்டுப் பாடகியர்க்கு இலக்கணமாயிருந்தது. லூட் என்னும் மெல்லிய நரம்புக் கருவியோடு பாடுதற்கு எழுந்த 16ஆம், 17ஆம் நூற்றாண்டுப் பாடல்களோ சிற்றறைக்கு உரியவை. அதிர்வு மிக்க குரல் அவற்றின் சொல்லை மறைக்கும், கருவியையும் அமிழ்த்தும்.

1973 முதல் அந்தனி ரூலியின் ‘கொன்சோட் ஒவ் மியூசிக்’ குழுவோடு பாடிய கேர்க்பியின் குரல் அதிர்வு குறைந்தது. ஒவ்வோரெழுத்தையும் தெளிவுறக் காட்டுவது. மொழியிலக்கியம் கற்றார்க்குச் சொல்லின்மேற் பற்றிருத்தல் இயல்பன்றோ? சிறுவன் குரலெனக் குறை கூறினாரும் உளர். அச்சிறுமையே லூட்டின் ஒலிக்கு இடங்கொடுத்தது. 1980 இல் ஹொக்வூட்டின் நெறியாள்கையில் வெளிவந்த ஹண்டெலின் ‘மெசையா’ இசைத்தட்டு அக்குரலை எங்கும் பரப்பிற்று. 2007 இல் ‘டேம்’ பட்டமும் அவருக்குக் கிடைத்தது.