கூண்டுக்குள் இருப்பது ஆணா, பெண்ணா? குஞ்சின் நிறம் எப்போது உண்மையைச் சொல்லும்?

பெங்களூரு சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட் பக்கம் பறவை வாங்கப் போனால், பெரும்பாலும் 'ஜோடி' என்றுதான் விலை சொல்வார்கள். காக்டெயில் குஞ்சு என்றால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். முதல் முறை இறகு உதிர்ந்து முளைக்கும்வரை, அதாவது சுமார் ஆறு மாதம்வரை, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால் இரண்டும் ஒரே பாலாக அமைய 50% வாய்ப்பு. காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரிதான்.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும், அப்பா அம்மாவின் நிறம் தெரிந்தால்.

மனிதர்களில் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என இரண்டு வெவ்வேறு குரோமோசோம்கள். பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மகளுக்குக் கிடைக்கும் அந்த ஒரே இசட் அப்பாவிடமிருந்துதான் வரும்.

காக்டெயிலில் கருமை நிறமியை நிறுத்தும் 'லுட்டினோ' மரபணு மாற்றம் இந்த இசட்டில்தான் இருக்கிறது. சாம்பல் பறவை வெளிர் மஞ்சளாகிவிடும், கண் சிவந்துவிடும். பெண்ணுக்கு ஒரு பிரதி இருந்தாலே இது வெளியே தெரியும். ஆணுக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பார்க்கச் சாம்பலாகவே இருக்கும். வளர்ப்பவர்கள் அதை 'ஸ்ப்ளிட்' என்பார்கள்.

அப்பா லுட்டினோ, அம்மா சாம்பல் என்றால் மகள்கள் எல்லாம் லுட்டினோ, மகன்கள் எல்லாம் சாம்பல். இறகு முளைக்கும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். பொரித்த குஞ்சின் மூடிய இமைக்குள் சிவப்பு தெரிந்தால் பெண், கருமை தெரிந்தால் ஆண்.

ஜோடியைத் திருப்பிப் போட்டால் இந்த வசதி போய்விடும். சாம்பல் அப்பா, லுட்டினோ அம்மா என்றால், அப்பா ஸ்ப்ளிட்டாக இல்லாதவரை எல்லாக் குஞ்சும் சாம்பல்தான். அப்பா ஸ்ப்ளிட், அம்மா சாம்பல் என்றால் பாதித் தகவல் கிடைக்கும்: லுட்டினோ குஞ்சு கட்டாயம் பெண், சாம்பல் குஞ்சு ஆணாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 'மஞ்சள்னா பொண்ணு' என்று கடையில் யாராவது சொன்னால், 'அப்பா என்ன கலர்?' என்று திருப்பிக் கேளுங்கள்.

பெயரும் காலை வாரும். நம்மூரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது ஆஸ்திரேலிய பட்ஜி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, அதிலும் பல இனங்கள். பட்ஜி, பீச் ஃபேஸ் இரண்டிலும் லுட்டினோ இசட்டில்தான். ஃபிஷர் இனத்தில் அப்படி இல்லை. அங்கே மஞ்சள் நிறம் பாலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீலமும் அப்படித்தான். பட்ஜியில் மஞ்சள் நிறமி உருவாகாததால் வருவது நீலம். அதற்கான மரபணுவை 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதற்கும் பாலுக்கும் தொடர்பில்லை.

பெற்றோர் யாரென்றே தெரியாவிட்டால்? டிஎன்ஏ சோதனைதான் வழி. பிடுங்கிய இறகின் வேர் அல்லது ஒரு சொட்டு ரத்தம் போதும். சிஎச்டி1 என்ற மரபணு இசட்டில் ஒரு நீளத்திலும் டபிள்யூவில் வேறு நீளத்திலும் இருப்பதை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

என்ன இனம் என்று தெரிந்துகொள்வது சட்டத்துக்கும் தேவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சைக்கிளியை வளர்ப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களில் சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றை 2024 விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். காக்டெயில், பட்ஜி, பீச் ஃபேஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் மட்டுமல்ல, ஃபிஷரும் இருக்கிறது. கடையில் பீச் ஃபேஸ், ஃபிஷர் இரண்டுக்குமே 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்ற ஒரே பெயர்தான் சொல்வார்கள். பில்லில் இனத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.