பழைய துப்பாக்கித் தொலைநோக்கி: அசலா, போலியா?

ஆவடி என்றதும் நம் நினைவுக்கு வருவது டாங்கிதான். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு பெரிய இராணுவக் கிடங்கு இருந்தது. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் 'விஜயந்தா' என்னும் டாங்கி அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. டாங்கியின் பீரங்கி எவ்வளவு பெரிதாயினும், குறிபார்க்கும் கருவி பழுதானால் அதனால் பயனில்லை. அந்தக் கருவியின் அடிப்படை ஒரு தொலைநோக்கியே. அதன் சிறிய வடிவம் துப்பாக்கியின்மேல் பொருத்தப்பட்டது.

இத்தகைய பழைய துப்பாக்கித் தொலைநோக்கிகளைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். விலை ஏற ஏறப் போலிகளும் பெருகிவிட்டன. ஒரு நல்ல லேத்தும் கைத்திறனும் இருந்தால் குழாயைப் பழைய அளவிலேயே கடைந்துவிடலாம். ஆனால் ஒளியியலை ஏமாற்றுவது அத்தனை எளிதன்று. அசலையும் போலியையும் பிரித்தறிய நீங்கள் பள்ளியில் படிக்கும் பௌதிகமே பெரிதும் போதும்!

எண் 32 தொலைநோக்கி

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் 'லீ என்ஃபீல்டு எண் 4' துப்பாக்கியின்மேல் 'எண் 32' என்னும் தொலைநோக்கியைப் பொருத்தினர். முதலில் இது பிரென் என்னும் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த துப்பாக்கிகளில் இதைப் பொருத்தும் பணியின் பெரும்பகுதியை லண்டனைச் சேர்ந்த ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் செய்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அங்கே மாற்றியமைக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் இந்தியப் படையிலும் இவை பயன்பட்டன.

இதன் அமைப்பு எளியது. முன்னால் பொருளருகு வில்லை. பின்னால் கண்ணருகு வில்லை. தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்த நடுவே சில வில்லைகள். பிம்பம் விழும் தளத்தில் கூரிய முனையுள்ள ஒரு தூணும், குறுக்கே ஒரு கம்பியும் இருக்கும். குழாயின் மேலே உள்ள சக்கரம் தூரத்துக்கேற்ப உயரத்தைச் சரிசெய்யும். அது 1000 கஜம் வரை, அதாவது சுமார் 914 மீட்டர் வரை, அளவிடப்பட்டிருக்கும். பக்கத்தில் உள்ள சக்கரம் காற்றினால் ஏற்படும் விலகலைச் சரிசெய்யும்.

முதற் சோதனை: உருப்பெருக்கம்

இக்கருவியின் உருப்பெருக்கம் 3. இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தொலைவில் உள்ள ஒரு செங்கற்சுவரை ஒரு கண்ணால் தொலைநோக்கி வழியாகவும், மறு கண்ணால் நேராகவும் ஒரே நேரத்தில் பாருங்கள். தொலைநோக்கியில் தெரியும் ஒரு செங்கல், நேரே தெரியும் மூன்று செங்கற்களின் உயரத்தை மறைத்தால் உருப்பெருக்கம் 3 ஆகும்.

அடுத்து, கருவியை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து, கண்ணருகு வில்லையிலிருந்து ஓரடி விலகிப் பாருங்கள். அங்கே ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டம், பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவுக்குச் சமம். எண் 32-இன் பொருளருகு வில்லையில் ஒளி புகும் விட்டம் 19 மி.மீ. எனவே ஒளிவட்டம் ஏறத்தாழ 6 மி.மீ. இருக்க வேண்டும். 4 மி.மீ. மட்டும் இருந்தால் உள்ளே வேறு வில்லைகள் இருப்பதாக ஐயுறலாம்.

இரண்டாம் சோதனை: நகரும் தூண்

உயரச் சக்கரத்தை 1000 கஜத்தை நோக்கித் திருப்புங்கள். எண் 32-இல் சக்கரம் தூணையே நகர்த்துகிறது. ஆகவே தூணின் முனை பார்வைப் புலத்தின் மையத்தை விட்டுக் கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். முனையை மீண்டும் இலக்கில் வைக்க வேண்டுமானால் குழலை உயர்த்தியாக வேண்டும். தூரம் கூடக் கூடக் குண்டு அதிகமாகத் தாழ்வதால் இந்த ஏற்பாடு.

தற்காலத் தொலைநோக்கிகளில் நிமிர்த்தும் வில்லைகள் சாய்ந்து பிம்பத்தை நகர்த்துகின்றன. குறி எப்போதும் மையத்திலேயே நிற்கும். 'நான் 1943-இல் பிறந்தவன்' என்று சொல்லும் கருவியில் குறி மையத்தை விட்டு அசையவில்லையானால், வெளிக்குழாய் எப்படி இருந்தாலும் உள்ளுறுப்பு பிற்காலத்ததே.

மூன்றாம் சோதனை: எதிரொளிப்பு

பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் இரு பங்கு ஒளியே கண்ணை அடையும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மக்குலா, மெல்லிய பூச்சினால் இந்த இழப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார்.

வில்லையில் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பூச்சில்லாத பரப்பில் அது வெண்மையாகத் தெரியும். ஒற்றைப் பூச்சில் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். பச்சை நிறம் பளிச்சிட்டால் அது பெரும்பாலும் பிற்காலப் பல்லடுக்குப் பூச்சு. அதனால் முழுக் கருவியும் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழுது பார்த்தபோது ஒரு வில்லை மாற்றப்பட்டிருக்கலாம்.

பூஞ்சையையும் நம்பாதீர்கள். சென்னை போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் வில்லைமேல் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர அதிக காலம் தேவையில்லை. அது ஈரத்துக்குச் சான்று, வயதுக்குச் சான்றன்று.

எழுத்துகள் சொல்லும் கதை

குழாயில் வகை, தயாரித்தவர் குறி, ஆண்டு, வரிசை எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். முதல் வகைக்கு 'ஓ.எஸ். 466 ஏ', இரண்டாம் வகைக்கு 'ஓ.எஸ். 1650 ஏ', மூன்றாம் வகைக்கு 'ஓ.எஸ். 2039 ஏ' என்பன குறியீடுகள். மூன்றாம் வகை போரின் இறுதிக் கட்டத்தில்தான் வந்தது. அதில் 1941 என்று பொறித்திருந்தால், பொறித்தவர் வரலாறு படிக்கவில்லை என்று பொருள்!

எழுத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குங்கள். அச்சு வைத்து அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும். வெட்டிய எழுத்தில் உலோகம் அகற்றப்பட்டிருக்கும். பழைய பள்ளத்தில் கருமையும் அழுக்கும் படிந்திருக்கும். பழைய வண்ணத்தைக் கிழித்துக்கொண்டு பளபளக்கும் பள்ளம் அண்மையில் வெட்டப்பட்டது. தேய்மானமும் விரல் படும் இடத்தில் அதிகமாகவும், மறைவிடத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். எங்கும் ஒரே சீரான துரு, உப்புநீரின் வேலையாக இருக்கலாம்.

அடித்துவிட்ட எழுத்தைக் கண்டதும் போலி என்று சொல்லாதீர்கள். 1970-ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் படையே மூன்றாம் வகைக் கருவிகளை மாற்றியமைத்து, பழைய குறியை அடித்து, 'எல் 1 ஏ 1' என்று புதிதாகப் பொறித்தது.

ஏன் இத்தனை கவலை?

தொலைநோக்கியும் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று சரிசெய்யப்பட்ட இணை. தொலைநோக்கியின் எண் துப்பாக்கியின் மரக்கட்டையிலும், துப்பாக்கியின் எண் தொலைநோக்கியைத் தாங்கும் பிடியிலும் அடிக்கப்பட்டன. போருக்குப் பின் பல இணைகள் பிரிந்துபோயின. எண்கள் அழியாமல் இருந்தால், பிரிந்தவை என்றாவது ஒருநாள் மீண்டும் சேரலாம். விலைக்காக ஒருவர் பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிய எண்ணை அடித்தால், அந்த வாய்ப்பு என்றென்றைக்கும் போய்விடும். ஏமாறுபவர் இழப்பது பணம். மற்றவர்கள் இழப்பது ஒரு வரலாற்றுச் சான்று.

எந்த ஒரு சோதனையும் தனித்துத் தீர்ப்பளிக்காது. ஒளியியல், உலோகம், எழுத்து, ஆண்டு ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதே அறிவியல் முறை.

நீங்கள் செய்யலாம்

நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பது அதன் பாகங்களையும் உள்ளடக்கும். ஆகவே பழைய துப்பாக்கிப் பொருள் எதையும் விலைக்கு வாங்க முயலாதீர்கள். உங்கள் பள்ளியிலுள்ள தொலைநோக்கியிலோ வீட்டிலுள்ள இருகண் நோக்கியிலோ செங்கல் சோதனையையும் ஒளிவட்டச் சோதனையையும் செய்து பாருங்கள். கிடைக்கும் அளவுகளை, கருவியின்மேல் எழுதியுள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். இருகண் நோக்கியில் '8 x 40' என்று இருந்தால் ஒளிவட்டத்தின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: எந்தத் தொலைநோக்கி வழியாகவும் சூரியனைப் பார்க்கவே கூடாது!