தரம் ஐந்தில் தேடுவதைத் தரம் ஒன்றிலேயே தொலைக்கிறோம்

2024 செப்டெம்பர் 15 ஆம் திகதி நடைபெற்ற தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. பெற்றோர் வீதிக்கு இறங்கினர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அம்மூன்று வினாக்களுக்கும் சகல பரீட்சார்த்திகளுக்கும் புள்ளி வழங்கப்பட வேண்டுமென டிசெம்பர் இறுதியில் தீர்ப்பாயிற்று. பெற்றோரின் கோபம் நியாயமானதே.

ஆயினும், அப்பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகள் எவர்? 2020 ஜனவரியில் தரம் ஒன்றில் காலடி வைத்தவர்கள். இரண்டு மாதங்களில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் மூடப்பட்டன. எழுத்தறிந்து வாசிக்கப் பழகும் மூன்று ஆண்டுகளும் இவ்வாறே போயின. மூன்று வினாக்களுக்காக எழுந்த குரலில் ஒரு பங்கேனும் இந்த மூன்று ஆண்டுகளுக்காக எழவில்லை. நமது கல்விச் சிந்தனையின் கோளாறு இதிலேயே வெளிப்படுகின்றது.

கண்டியிலிருந்து வத்துகாமம் செல்லும் பாதையில் மடவளைச் சந்தியில் ஒரு காலைப் பொழுதைக் கழிப்பவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாடசாலை வான்கள் கண்டியை நோக்கி விரைகின்றன. ஊரிலேயே மதீனா தேசிய பாடசாலை உண்டு. அதனை நாடி வேறொரு கூட்டம் செல்கின்றது. பாதை வத்துகாமத்தைக் கடந்து பன்வில மலைகளை நோக்கி ஏற ஏற, வான்கள் குறைந்து, கால்நடையாகச் செல்லும் பிள்ளைகளே எஞ்சுகின்றனர். பஸாரிலிருந்து பன்விலத் தேயிலை மலைக்கு அதிக தூரமில்லை. இரு இடங்களிலும் போதனா மொழி தமிழே. பாடநூலும் ஒன்றே. ஆனால் அந்தப் பாடநூலை வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் விடயத்தில்தான் ஏற்றத்தாழ்வு தொடங்குகின்றது.

பாடசாலை வாயிலைத் திறந்துவிடுவதில் இலங்கை பெருமைப்படத்தக்க சாதனை புரிந்துள்ளது என்பதில் ஐயமில்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் இலவசப் பாடநூல்களும் 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் கிடைத்தன. 1997 இல் வெளியான ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரை பாடசாலை செல்வதைக் கட்டாயமாக்கின. பின்னர் 2016 இல் அது 16 வயது வரை நீடிக்கப்பட்டது. ஆரம்ப வகுப்பில் சேராத பிள்ளையைக் காண்பது இன்று அரிது. ஆனால் சேர்வதும் கற்பதும் ஒன்றல்ல.

எந்தப் பாடசாலையில் சேர்வது என்பதிலேயே முதற் பிரிவினை நிகழ்ந்துவிடுகின்றது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் 400 க்கும் குறைவானவையே தேசிய பாடசாலைகளாக மத்திய கல்வியமைச்சின் கீழ் இருந்து வந்துள்ளன. ஏனையவை, 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் பின்னர், மாகாண சபைகளின் பொறுப்பில் உள்ளன. தரம் ஒன்று அனுமதிக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வரும் சுற்றுநிருபத்தில் அயலில் வசிப்போருக்கு 50 சதவீதமும், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 சதவீதமும், ஏற்கனவே கற்பவர்களின் சகோதரருக்கு 15 சதவீதமும் ஒதுக்கப்பட்டன. பழைய மாணவர் பிரிவு என்பது பரம்பரைச் சொத்துரிமைக்குச் சற்றும் குறைந்ததல்ல. வதிவிடப் பிரிவிலோ காணி உறுதி வைத்திருப்பவருக்கே கூடுதல் புள்ளி. லயன் அறையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவரிடம் எந்த உறுதி இருக்கிறது? மடவளையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் நாட்டாமைத் தொழிலாளியின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இவ்விரு சமூகங்களின் கல்வி வரலாறும் ஒன்றோடொன்று வைத்து நோக்கத்தக்கவை. மிஷனரிமாரின் பாடசாலைகளில் மதம் பறிபோகும் என்ற அச்சத்தினால் முஸ்லிம்கள் நவீன கல்வியிலிருந்து விலகி நின்ற காலத்தில், கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி அந்த விலகலைக் கண்டித்து எழுதினார். 1942 இல் கம்பளை ஸாஹிராவின் முதல் அதிபரான பதியுதீன் மஹ்மூத் பிற்காலத்தில் கல்வி அமைச்சரானார். சமூகத்தின் முயற்சியும் அரசின் ஆதரவும் சேர்ந்து மடவளை போன்ற ஊர்களை உயர்த்தின.

தோட்டத் தொழிலாளரின் கதை வேறு. அவர்கள் கல்வியிலிருந்து விலகி நிற்கவில்லை, விலக்கி வைக்கப்பட்டனர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்க வேண்டிய கடமை 1907 ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே தோட்டத்துரைமார் மீது சுமத்தப்பட்டது. நடந்ததோ ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970 களிலேயே ஆகும். இலவசக் கல்வி பிறந்து ஒரு தலைமுறைக் காலம் கடந்த பின்னரே அது மலையேறியது. சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மன் உதவியில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் 2010 களின் நடுப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 உதவி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது, அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் மாத வருமானத்தை விடக் குறைந்த தொகையில் அவளது பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஆள் தேடிய நாடு இது.

இவ்வாறான நிலையிலிருந்து ஏழைப் பிள்ளையை மீட்கும் ஏணியாகவே புலமைப்பரிசிற் பரீட்சை எண்ணப்பட்டது. கன்னங்கரா காலத்து மத்திய பாடசாலைகள் நகருக்கு வெளியே அமைந்தன. கிராமத்துத் திறமைசாலியை அங்கு அழைத்துச் செல்வதே நோக்கமாக இருந்தது. எமது தலைமுறையில் அவ்வாறு ஏறி வந்தவர்கள் பலர். இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகின்றனர். ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒருவரே வெட்டுப்புள்ளியைத் தாண்டுகின்றார். தரம் மூன்றிலேயே ரியூஷன் தொடங்குகின்றது. மாதிரி வினாத்தாள்களின் வியாபாரம் மடவளைக் கடைகளிலும் குறைவில்லை. வாங்க முடிந்தவர் வாங்குகின்றார்; ஏணி அவர் பக்கம் சாய்கின்றது.

இதன் மறுபக்கம் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. சித்தியடையும் ஓரிரு பிள்ளைகள் வெளியேறும்போது சிறிய பாடசாலை தனது சிறந்த மாணவரை இழக்கின்றது. அவர்களது பெற்றோர், அதாவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடியவர்களும், உடன் போய்விடுகின்றனர். வசதியுள்ளவர்கள் பரீட்சை வரை காத்திருப்பதுமில்லை. தொகை குறைகின்றது, தொகை குறைந்தால் ஆசிரியர் குறைக்கப்படுகின்றார், ஆசிரியர் இல்லையென்று மேலும் சிலர் விலகுகின்றனர். ஐம்பதுக்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகள் இந்நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருப்பது பெருமளவு இவ்வழியாலேயே. அவற்றை மூடிவிடலாம் என்று கொழும்பில் இருந்துகொண்டு கணக்குப் பார்ப்பது எளிது. காலைப் பிரட்டுக்கு ஆறரை மணிக்குச் செல்லும் தாய், ஆறு வயதுப் பிள்ளையை எந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாள் என்பது அக்கணக்கில் வருவதில்லை.

ஆசிரியர் தொகையை மட்டும் பார்த்தால் மாணவர் விகிதம் திருப்திகரமாகவே தோன்றும். விகிதம் என்பது சராசரி. கஷ்டப் பிரதேசத்து நியமனம் பெறுபவர் விதிக்கப்பட்ட காலம் முடிந்ததும் இடமாற்றம் கோருகின்றார். கிழக்கிலிருந்து வந்த தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் குடும்பத்தை நாடித் திரும்புவதைக் குறை கூறவும் முடியாது. பதிலாள் வரும்வரை இரண்டு வகுப்புகள் ஒன்றாக்கப்படுகின்றன. பெரும்பாலும் ஒன்றும் இரண்டும்தான். பரீட்சை இருப்பதனால் ஐந்தாம் வகுப்பில் எவரும் கைவைப்பதில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தாலும் அதிபர் அவரை ஐந்தாம் வகுப்புக்கே அனுப்புகின்றார். வலயக் கல்வி அலுவலகம் கேட்பது புலமைப்பரிசில் பெறுபேற்றை மாத்திரமே என்பதால் அதிபரையும் நோக முடியாது.

1990 களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசிய தேர்ச்சிகளையும் அது வரையறுத்தது. முதன்மை நிலை ஒன்று தரம் இரண்டுடன் முடிகின்றது. அந்த இடத்தில் நின்று, இப்பிள்ளை வாசிக்கின்றதா என்று கேட்கும் ஏற்பாடு அன்றே எழுத்தில் இருந்தது. 2026 முதல் தரம் ஒன்றிலும் ஆறிலும் புதிய சீர்திருத்தம் தொடங்கும் என 2025 இல் அறிவிக்கப்பட்டபோது, விவாதம் பாடவேளைகளையும் பாட அலகுகளையும் சுற்றியே நடந்தது.

மடவளையின் தனவந்தர்கள் பாடசாலைக்கு மண்டபமும் மதிலும் கட்டிக் கொடுக்கத் தயங்காதவர்கள். கல்வி நிதியம் அமைக்கும் பள்ளிவாசல்களும் உண்டு. அந்த நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, பன்வில மலைக்கு நியமனம் பெற்று வரும் தரம் ஒன்று ஆசிரியைக்கு ஊரில் ஒரு பாதுகாப்பான அறையும் போக்குவரத்துச் செலவும் கொடுத்துப் பார்க்கலாம். மண்டபத்தை விட அதற்குச் செலவு குறைவு. பெயர்ப்பலகை வைக்க இடமிராது என்பதுதான் சங்கடம்.